அஞ்சு வரிச் சீட்டு

எங்க லைப்ரரி அம்மாவக் கேலி பண்ணாத டாக்டர் அந்த ஆஸ்பத்திரில கிடையாது. "இன்னாப்பா, உங்க அரவிந்தவல்லி அம்மா எழுதின சீட்ட முத்தம்மா பாஸ் போட்டுட்டாளா?"ன்னு கேட்டுட்டு சிரிப்பானுங்க. முத்தம்மா பெருக்குற பொம்பள. லைப்ரரி அம்மா நோயாளிங்களுக்குன்னு எத்த எழுதினாலும் முதல்ல அவளக் கூப்ட்டு உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டுவாங்க. "இப்ப நீ என்ன பண்ணுவே? பண்ணிக் காட்டு"ன்னுவாங்க. அவ தொடப்பத்த ஓரமா சாத்திட்டுக் கையால செஞ்சு காட்டணும். செஞ்சது சரியா இருந்தாத்தான் சீட்டு காப்பி எடுக்குற சைக்ளோஸ்டைல் மிஷினுக்கு வரும். மிஷின் சுத்துறவன் நான், திருமலை. எழுபத்தினாலாம் வருஷத்துக்கு முன்னால இந்தப் பழக்கம் கிடையாது. அது எப்படி வந்துதுன்னு சிரிச்சவனுங்க ஒருத்தனுக்கும் தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். கேக்கவும் இல்ல.

ஆஸ்பத்திரி பேரு வாணாம். மெட்ராஸ்ல இருக்குது, பெருசு, அது போதும். மாடில லைப்ரரி. அறுபத்தி ரெண்டுல நான் அட்டெண்டரா சேர்ந்தப்பவே அந்தம்மா அங்க இருந்தாங்க. திருவள்ளூர்க்காரங்க. அவங்க அப்பா வேங்கடேசன் ஐயங்கார் பெருமாள் கோயில்ல கைங்கரியம் பண்றவரு. ஊடு குளத்தாண்ட. ஊட்டுக்காரர் ஸம்பத்குமார் கடம்பத்தூர் ஸ்கூல்ல வாத்தியார். காலைல ரெண்டு பேரும் ஒண்ணா ஸ்டேஷனுக்கு வருவாங்க. அவரு அரக்கோணம் பக்கம் போற பாசஞ்சர்ல ஏறுவாரு, அந்தம்மா மெட்ராஸ் வண்டில. ஒரு தயிர்சாத டப்பா, ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கூடு. பத்து மணிக்கு வந்து உக்காந்தா சாயந்தரம் வரைக்கும் தலை நிமிராது.

லைப்ரரியன்னா புக்கு எடுத்துக் குடுக்கணும், திருப்பி வாங்கி வெக்கணும், சத்தம் போட்டா "ஷ்ஷ்"ன்னணும். டாக்டருங்க அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தாங்க. இந்தம்மா அத்தோட நிக்கல. படிச்சாங்க. எந்தப் பத்திரிகைல எந்தக் கட்டுரை வந்திருக்குன்னு சொல்ற தடித்தடி இன்டெக்ஸ் புஸ்தகங்கள நான் எறக்கிப் போடுவேன். அவங்க ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு அட்டை போட்டு அதுல நாலு கேள்வி எழுதுவாங்க. எத்தனை பேரச் சேத்தாங்க, கடைசில எத்தனை பேரக் கணக்குல காட்னாங்க? மருந்து குடுக்காதவங்களுக்கு இன்னா ஆச்சு? குணமாச்சுன்னு சொன்னது யாரு, மருந்து குடுத்தவனேவா? அந்த ஊரு ஜனம் நம்ம ஊரு ஜனம் மாதிரியா?

ஒருநாளு பெரிய டாக்டர் ஒருத்தர் ஒரு ஊசியப் பத்தி மேடைல பேசணும்னு கட்டுரை கேட்டாரு. எழுபது பேர்ல அறுபத்தஞ்சு பேருக்கு குணம்னு அதுல போட்ருந்துது. அந்தம்மா கட்டுரையோட அட்டையையும் சேத்து அனுப்பிட்டாங்க. "சேர்த்தது நூத்திப் பத்து பேர். மீதி நாப்பது பேர் எங்கே?"ன்னு அதுல எழுதியிருந்துது. மனுஷன் படியேறி வந்து கத்தினாரு பாரு. "நீங்க புக்கு எடுத்துக் குடுங்க, வைத்தியம் நாங்க பாத்துக்கறோம்!"

"நான் வைத்தியம் பாக்கலை சார், எண்ணித்தான் பாத்தேன்"னாங்க அந்தம்மா.

எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துது. அன்னிலேர்ந்து அந்தம்மா எத்த சொன்னாலும் எனக்கு வேதவாக்கு. அதுதான் கோளாறு. ஆனா அப்போ எனக்கு அது தெரியல.

நான் பழவேற்காடு ஏரிக்கு அந்தாண்ட இருக்குற குப்பத்துக்காரன். எட்டாவது படிச்சதால வலைக்குப் போகாம அட்டெண்டர் ஆனேன். கூடப்பொறந்தது ஒரே தங்கச்சி, செங்கம்மா. புருஷன் குப்புராஜ் ஏரில எறா புடிக்கிறவன். அவளுக்கு மொதப் புள்ள அறுபத்தெட்டுல பேதில போச்சு. ரெண்டாவது எழுபத்தொண்ணுல, அதுவும் பேதிதான். ரெண்டு நாளு, அவ்ளோதான், கண்ணு உள்ள போய் தோலு தொங்கிப் போச்சு. மூணாவதா ஒரு பையன், அருணகிரி. அவனுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட செங்கம்மா சோறு துண்ண மாட்டா. "ண்ணா, இந்த ஒண்ண மட்டும் நான் வெச்சுக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல"ன்னு ஒவ்வொரு தபா ஊருக்குப் போறப்பவும் சொல்லுவா.

எழுபத்தினாலு சித்திரைல ஒரு லெட்டர் வந்துது. எங்க ஏரிக்கு இந்தாண்டக் கரைல இருக்குற ஹெல்த் சென்டர் டாக்டர் ராஜமாணிக்கம் எழுதினது. மாசத்துக்குப் பத்து சலைன் பாட்டில் வருது, முப்பது குழந்தைங்க பேதியோட வருது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணிய வாயால குடுத்தாலே குழந்த பொழைக்குதுன்னு கேள்விப்பட்டேன், நெசமா, வெறும் பேச்சா? எங்கிட்ட பத்திரிகை ஒண்ணும் இல்ல. பாத்துச் சொல்லுங்க. அவ்ளோதான் லெட்டர்.

"அம்மா, அது எங்க ஊரு பக்கம்"னேன். செங்கம்மா கதைய அன்னிக்குத்தான் அவங்ககிட்ட சொன்னேன். ரெண்டு புள்ளைங்க போனதையும் மூணாவது இருக்குறதையும் சொன்னேன். கேட்டுட்டுக் கண்ணாடியத் தொடச்சாங்க.

"அப்போ சீக்கிரம் பாக்கணும். ஆனா அவசரப்படப்டாது"ன்னாங்க.

மூணு வாரம். நான் வால்யூம் எறக்கி எறக்கி முதுகு போச்சு. முப்பத்தி நாலு கட்டுரை பேரு கெடச்சுது, பாதி எங்க லைப்ரரில இல்ல. கல்கத்தாவுக்கு எழுதி வரவழைச்சாங்க. ரயில்ல படிச்சாங்க, சாப்புட்றப்போ படிச்சாங்க. முக்காவாசியத் தள்ளிட்டாங்க. ஒண்ணுல ஆளுங்க கொறச்சல், ஒண்ணுல செத்தவங்கள எண்ணல, ஒண்ணு பெரியவங்களுக்கு மட்டும் குடுத்துப் பாத்தது. வங்காளத்து அகதி முகாம்ல பாட்டில் தீந்து போனப்போ வாயாலயே குடுத்து சாவு கொறஞ்ச கதைய மட்டும் நாலு தரம் படிச்சாங்க. "இது நம்ம ஜனம் மாதிரி. பாட்டில் இல்லை, நர்ஸ் இல்லை, அம்மாதான் குடுத்திருக்கா"ன்னு எங்கிட்டயே சொன்னாங்க. அன்னிக்கு அவங்க மொகம் பாக்கணும். கல்யாண ஊட்ல நிக்கிற மாதிரி நின்னாங்க.

கடைசில டாக்டருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதினாங்க. குடுக்கலாம், பொழைக்குது, மயங்கிக் கெடக்குற குழந்தைக்கு மட்டும் பாட்டில வெச்சுக்குங்க. சர்க்கரை கெடைக்காத குப்பத்துல வெல்லம் போடலாம், ஆனா வெல்லத்துக்கு சாட்சி கம்மி, அத மறைக்காம சொல்றேன். அப்படியே எழுதினாங்க, மழுப்பாம.

ரெண்டு மாசத்துல டாக்டர்கிட்டேர்ந்து பதில் வந்துது. அறுபத்தி மூணு குழந்தைங்க வந்துது, பாட்டில் ஏத்தினது நாலே பேருக்கு, ஒண்ணு கூடச் சாகல. கீழ ஒரு வேண்டுகோள். ஏரிக்கு அந்தாண்ட இருக்குறவங்க தோணி கெடச்சு எங்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள புள்ள போய்டுது. தாய்மாருங்க கையில குடுக்கத் தமிழ்ல ஒரு சின்னச் சீட்டு எழுதித் தர முடியுமா?

அந்தம்மா ஏழு வரி எழுதினாங்க. எங்கிட்ட ஸ்டென்சில் வந்துது. அந்த வருஷம் பேப்பர் தட்டுப்பாடு, ரீம் கேட்டா ஸ்டோர்ல பேஜாரு பண்ணுவான். நான் அளந்து பாத்தேன். ஏழு வரின்னா ஒரு தாள்ல மூணு சீட்டு, அஞ்சு வரின்னா நாலு.

"ரெண்டு வரி கொறச்சிங்கன்னா நாலு குப்பத்துக்குக் கூடப் போவும்மா"ன்னேன்.

சொன்னது நான்தான். இத்த யாரும் எங்கிட்டேர்ந்து எடுத்துக்க முடியாது.

அந்தம்மா யோசிச்சாங்க. டாக்டர் பேரையும் ஊரையும் போட்ருந்த வரிய அடிச்சாங்க. அப்புறம் இன்னொரு வரி. "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னு அதையும் அடிச்சாங்க. மீதி நின்னது இது:

குழந்தைக்குப் பேதி கண்டால் பயப்பட வேண்டாம்.
காய்ச்சி ஆறிய தண்ணீர் அரைப்படி எடுக்கவும்.
மூன்று விரலால் அள்ளிய உப்பும் ஒரு பிடி வெல்லமும் சேர்க்கவும்.
நன்றாகக் கரைக்கவும்.
பேதி நிற்கும் வரை தினமும் புதிதாகக் கரைக்கவும்.

நான் எண்ணூறு சீட்டு சுத்தினேன். கையெல்லாம் மை. எழுநூத்தம்பது டாக்டருக்குப் போச்சு. அவரு வாயால சொல்லி, கையால கலந்து காட்டி, அப்புறம்தான் சீட்டக் குடுத்தாரு. அங்க ஒரு கோளாறும் இல்ல. மீதி அம்பத நான் எங்க குப்பத்துக்கு எடுத்துக்கினு போனேன்.

அன்னிக்கு ஞாயித்துக்கெழம. திரும்புற தோணி ரெடியா நின்னுக்கினு இருந்துது. செங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவ ஊட்டு வாசல்ல நின்னு சீட்ட ரெண்டு தபா படிச்சேன். அவ ஒரு எழுத்து பெசகாம மனப்பாடமா திருப்பிச் சொன்னா. எனக்குப் பெருமை தாங்கல.

"யாரு எழுதினது ண்ணா?"

"எங்க லைப்ரரி அம்மா. திருவள்ளூர் பெருமாள் கோயில் ஐயரு ஊட்டுப் பொண்ணு. உலகத்துல இருக்குற புக்கெல்லாம் படிச்சுட்டு எழுதியிருக்காங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது, சொல்ட்டேன்."

"மாத்த மாட்டேன் ண்ணா"ன்னா.

ஆடி மாசம் அருணகிரிக்குப் பேதி கண்டுது. நான் மெட்ராஸ்ல இருந்தேன். எனக்குச் சேதி வந்தப்போ எல்லாம் முடிஞ்சு ரெண்டு நாளு ஆயிருந்துது. மூணாவதும் போச்சு.

நான் போய் உக்காந்தேன். குப்புராஜ் மூலைல வலைய மடியில போட்டுக்கினு பின்னாம உக்காந்திருந்தான். எனக்கு அழுகை வர்ல. நாக்கு மரத்துப் போச்சு. சோறு போட்டாங்க, துண்ணேன், உப்பு கீதா இல்லியான்னு தெரியல. அழுகை இன்னி வரைக்கும் வர்ல. அத்தையும் சொல்ட்றேன்.

"சீட்டுல இருந்தபடி செஞ்சியா?"ன்னேன்.

"அப்படியே செஞ்சேன் ண்ணா. மூணு நாளும்."

அவ சொல்லச் சொல்லத்தான் எனக்கு வெளங்கிச்சு. திருவள்ளூர்ப் பெருமாளுக்கு நோவு தீக்குற சாமின்னு பேரு. அமாவாசைக்கு ஜனம் எங்கெங்கேர்ந்தோ வரும். நோவு கண்டவன் குளத்துல வெல்லம் கரைப்பான், உப்பும் மிளகும் கொட்டுவான். எங்க குப்பத்துல பொறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். உப்பையும் வெல்லத்தையும் எங்க கரைப்பாங்கன்னு கேட்டா அந்தக் குளத்துலதான்னு சொல்லும். அதுலயும் சீட்டு எழுதினது அந்தக் கோயில் ஊட்டு அம்மான்னு நானே தம்பட்டம் அடிச்சுட்டு வந்தேன். செங்கம்மா யாரக் கேக்கணும்?

புள்ளையத் தோள்ல போட்டுக்கினு தோணி ஏறி, பொன்னேரிக்கு ஒரு பஸ்ஸு, அங்கேர்ந்து மாறி மாறித் திருவள்ளூர் போயிருக்கா. ஹோட்டல்ல கெஞ்சி காய்ச்சின தண்ணி வாங்கி ஆற வெச்சு, சொம்புல அரைப்படி அளந்து, மூணு விரலு உப்பு, ஒரு புடி வெல்லம் போட்டு, நல்லாக் கரைச்சு, படி எறங்கிக் குளத்துல ஊத்தியிருக்கா. மூணு நாளு, தினமும் புதுசா. பேதி கண்ட புள்ளைக்குத் தண்ணி காட்டக் கூடாதுன்னு எங்காளுங்க சொல்லுவாங்க, அத்தையும் மீறல. மூணாம் நாளு, அமாவாசை அன்னிக்கு, மண்டபத்துலயே புள்ள அடங்கிப் போச்சு.

அந்த மூணு நாளும் அரவிந்தவல்லி அம்மா அந்தக் குளத்தாண்ட நடந்துதான் ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க. அமாவாசைக் கூட்டத்துல எத்தனையோ பொம்பளைங்க. இன்னாத்த பாத்திருப்பாங்க.

திங்கக்கெழம லைப்ரரில நின்னுக்கினே சொன்னேன், அப்படியே, கூட்டாம கொறைக்காம. சொல்லி முடிச்சதும் அந்தம்மா மேஜை டிராவத் தொறந்து அந்த ஏழு வரித் தாள எடுத்தாங்க. அடிச்ச வரிய விரலால தொட்டாங்க. "கரைத்த தண்ணீரைக் குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கவும்."

"எங்க அப்பா தினம் அந்தக் குளத்துலதான் தீர்த்தமாடறார்"னாங்க. "எனக்குத் தெரியாதா? என்னைவிட யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரன் எழுதினதுல எல்லாம் ஓட்டை பாத்தேனே, திருமலை. படிக்கிறவா யாருன்னு என் சீட்டுக்கு நான் கேக்கலையே."

எனக்குக் கோவம் வரணும். நான் கோவக்காரன், கடைல டீ ஆறியிருந்தாக்கூட கிளாஸ வீசுறவன். அன்னிக்கு ஒண்ணும் வர்ல. இன்டெக்ஸ் வால்யூம எடுத்து ஷெல்ஃப்ல அடுக்கிக்கினு இருந்தேன். கை பாட்டுக்கு அடுக்குச்சு.

அந்த வாரமே டாக்டருக்குத் தந்தி அடிச்சு மீதி சீட்டெல்லாம் திரும்ப வாங்கிட்டாங்க. ஒவ்வொண்ணுலயும் விட்டுப்போன வரியத் தன் கையாலயே எழுதினாங்க. நான் எழுதறேன்னேன், குடுக்கல. அப்புறம் "உங்க ஊருக்குப் போகணும்"னாங்க.

தோணில வர்றப்போ நான் கெஞ்சினேன். "அம்மா, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். அதுக்கு ஆயுசு அவ்ளோதான்னு சொல்ட்டு வந்துருங்க. அவ ஏற்கெனவே பாதி செத்துட்டா. குடிக்கக் குடுத்திருந்தா பொழைச்சிருக்கும்னு தெரிஞ்சா மீதியும் போய்டும். மூணு புள்ளையத் தூக்கிக் குடுத்தவம்மா."

அவங்க தண்ணியவே பாத்துக்கினு இருந்தாங்க. "ஒரு குழந்தையை விட்டுட்டுக் கணக்கு காட்டினவாளை எல்லாம் நான் கிழிச்சிருக்கேன், திருமலை. அவ பக்கத்து வீட்டுக்காரியும் அந்தச் சீட்டைத்தானே வெச்சுண்டிருக்கா? நான் பொய் சொன்னா, நாளைக்கு அவளும் சொம்பை எடுத்துண்டு குளத்துக்குப் போவா."

நியாயம் அவங்க பக்கம்தான். இருந்தாலும் அந்த நேரத்துல அந்தம்மாவ எனக்குப் புடிக்கல. நெசத்தச் சொல்றேன்.

செங்கம்மா பாய் போட்டா. கோயில் ஊட்டு அம்மா வந்திருக்காங்கன்னு அந்த நெலமைலயும் முந்தானையத் தோள்ல இழுத்துப் போத்திக்கினு நின்னா. அந்தம்மா வாயத் தொறக்குறதுக்கு முன்னால அவளே கேட்டுட்டா.

"உப்பு பத்தலையாம்மா? மூணு விரலுதான் போட்டேன். என் விரலு சின்னது. கூடப் போட்டிருக்கணுமா?"

அந்தம்மா பாய்ல உக்காரல. வெறுந்தரைல, அவ காலாண்ட உக்காந்தாங்க.

"உப்பு சரிதாம்மா. வெல்லம் சரி. நீ பண்ணினது அத்தனையும் சரி. அந்தத் தண்ணியக் குழந்தைக்குக் குடிக்கக் குடுக்கணும். அந்த வரி சீட்டுல இல்லை. எழுதி, அடிச்சுட்டேன். தப்பு என்னோடது, உன்னோடது இல்லை."

செங்கம்மாவுக்கு உடனே வெளங்கல. உதடு மட்டும் அசைஞ்சுது. சீட்ட மனசுக்குள்ள ஒருதரம் சொல்லிப் பாத்தான்னு நெனைக்கறேன்.

"குடிக்கவா?"ன்னா. "பஸ்ஸுல வர்றப்போ பூரா தண்ணி தண்ணின்னுதாம்மா கேட்டுக்கினு வந்தான். ரெண்டாம் நாளு கரைச்சு எடுத்துக்கினு போறப்பவும் சொம்பைத்தான் புடிச்சு இழுத்தான். சாமிக்கு வெச்சிருக்கறதுடா, தொடாதேன்னு கையத் தட்டி உட்டேன்."

அந்தம்மா அவ காலப் புடிச்சாங்க. அவ கால இழுத்துக்கல. அப்புறம் அவங்க தலைக்கு மேல என்னப் பாத்தா.

"ண்ணா, நீ படிச்சுக் காட்னியே, அப்போ உனக்குத் தெரியுமா, அத்தக் குடிக்கணும்னு?"

"தெரியும்"னேன்.